கணக்கு கற்றுக்கொடுப்பவன்

சாதாரணக் குடும்பங்களுக்கு வரவு செலவு கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற குரல் இப்போது எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. வங்கி சொல்கிறது, அரசாங்கம் சொல்கிறது, இன்சூரன்ஸ் ஏஜெண்டும் சொல்கிறார். கவிதைக்கும் விமர்சனத்துக்குமான இந்தப் பக்கங்களில் வட்டிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். அறிவைக் கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையே உள்ள உறவு எத்தகையது என்ற கேள்வி இதில் இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் அறிவின் பக்கம். 12,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 12 சதவீதம். 12 மாதத் தவணை. வட்டி 1,440 ரூபாய், ஆக மாதம் 1,120. பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசல் கரைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் போட்டது போட்டபடி நிற்கிறது. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். இங்கே தனியாக எந்த எண்ணும் பொய்யில்லை. அடுக்கிய முறையில் பொய் இருக்கிறது. இதைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆகவே, 'ஏழைக்குக் கணக்கு எதற்கு, வருமானத்தைக் கொடு' என்று உதறிவிடும் முற்போக்கு நண்பர்களோடு நான் முழுக்க உடன்பட முடியாது.

ஆனால் யார் கற்றுக்கொடுப்பது? ஆயுள் இன்சூரன்ஸில் முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை ஏஜெண்டுக்குக் கமிஷன் என்பது நெடுங்காலம் சட்டமே அனுமதித்த ஏற்பாடு. அவர் நம் சொந்தக்காரராக இருக்கலாம். சேமிப்பின் அருமையை மனமாரவே சொல்லலாம். ஆனால் 'உங்களுக்கு இது வேண்டாம்' என்ற வாக்கியத்துக்கு மட்டும் அவருக்குக் கூலி கிடையாது. கற்பிப்பவனின் சுதந்திரத்தை உரசிப் பார்க்க எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்: வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவன் வீட்டில் அடுப்பு எரியுமா? 2013 ஜனவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகளைத் தரகர் இல்லாமல் நேரடியாக வாங்க வழி வந்தது. அதே ஆண்டு முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனி விதிகளும் வந்தன. ஆலோசனைக்குரிய கூலியைக் கேட்பவரே தரவேண்டும் என்ற நியாயம் எனக்குச் சம்மதமே. விளம்பரத்தில் வாழும் பத்திரிகைக்கும் சந்தாவில் மூச்சுவிடும் பத்திரிகைக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்த வாசகனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூலியைக் கொடுக்க முடியாதவன் என்ன செய்வான்? கமிஷன் கலந்த அறிவுதான் அவனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

கமிஷன் வாங்காதவனுக்கும் ஓர் ஆபத்து உண்டு. அது உபதேசம். வரவு சிறிதானாலும் செலவு விரியாதவரை கேடில்லை என்னும் பொருளுள்ள குறளைச் சிக்கனம் பேசுகிறவர்கள் விடுவதில்லை. அது இருப்பது 'வலியறிதல்' அதிகாரத்தில், அரசியல் பகுதியில். வரி விதிக்கவும் படை நடத்தவும் வலிமை உள்ளவனை நோக்கிச் சொன்னது. அதையே ஒரு குமாஸ்தாவின் மனைவியிடம் சொல்லும்போது சொல் அப்படியே இருக்கிறது, நியாயம் இடம் மாறிவிடுகிறது. புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' கதையில் முருகதாசர் நண்பரிடம் கடன் கேட்கிறார். மாதக் கணக்கு எழுதும் பழக்கம் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார் என்று சொல்பவன் கதையையும் படிக்கவில்லை, கணக்கையும் படிக்கவில்லை. வறுமைக்கு அறியாமை என்று பெயர் சூட்டுவது கல்வி ஆகாது.

இன்னொன்று. கற்க வருபவள் வெறுங்கையோடு வருவதில்லை. நம் வீடுகளில் சிறுவாடு என்ற ஒன்று உண்டு. அரிசிப் பானையிலும் கடுகு டப்பாவிலும் வளரும் பணம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது பல பெண்கள் அதை வெளியே எடுத்துக் கணவனிடம் காட்ட வேண்டியதாயிற்று. நிபுணன் பார்வையில் அது வட்டி ஈட்டாமல் முடங்கிக் கிடந்த பணம். அவளுக்கோ அது யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியிராத பணம். குடும்பத்தை ஒரே பையாகப் பாவிக்கும் பாடம் அந்தப் பைக்குள் துழாவும் வெவ்வேறு கைகளைக் காண்பதில்லை. விலைவாசி ஏற ஏற டப்பாவுக்குள் இருக்கும் பணம் தேய்கிறது என்பதும் உண்மை. அதை அவளிடம் சொல்லத்தான் வேண்டும். தேய்மானத்தைப் பொறுத்துக்கொண்டு ரகசியத்தைக் காப்பதா, பாஸ்புக்கில் போட்டுப் பகிரங்கமாக்குவதா என்பது அவள் தீர்மானிக்க வேண்டியது.

ஆகவே கற்பிப்பவனிடம் நான் எதிர்பார்ப்பது கொஞ்சம்தான். 21 சதவீதத்தைக் காட்டட்டும், பிறகு விலகிக்கொள்ளட்டும். கணக்கு பிடிபட்டவள் அதைத் தன் செலவோடு நிறுத்திக்கொள்ள மாட்டாள். கூலி கொடுக்கிறவனிடம் கேட்பாள், கடன் கொடுத்தவனிடம் கேட்பாள், ஒருநாள் கற்றுக்கொடுத்தவனிடமும் கேட்பாள். அன்றைக்குப் பதில் சொல்லத் தயாராக இருப்பவன் இன்று பாடம் நடத்தலாம்.