தன்னை அறிய உள்ளே பார்த்தால் போதுமா?

நெரிசல் நேரத்து டவுன் பஸ்ஸில் அன்றாடம் காணக்கூடிய காட்சி இது. படிக்கட்டில் ஒற்றைக் காலை ஊன்றித் தொங்குகிறவர், "உள்ளே எவ்வளவு இடம் கிடக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்று குரல் கொடுக்கிறார். முட்டி மோதி உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் அதையே சொல்லும்போது, "எங்கே தள்ளுறது, தலை மேலயா ஏறி நிக்கிறது?" என்று கேட்பவரும் அவரேதான். இடையில் பஸ் சுருங்கிவிடவில்லை. அவர் பொய்யும் சொல்லவில்லை. இரண்டு முறையும் தன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். சுற்றி நிற்பவர்களுக்கு இந்த முரண் பளிச்சென்று தெரிகிறது. தெரியாதவர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். தன்னைத் தானே காணாத இந்த மனிதனைப் பார்த்துத்தான் சமயங்கள் அநேகமாக எல்லாமே உன்னை நீ அறிந்துகொள் என்கின்றன. எப்படி அறிவது என்று கேட்டால், கண்ணை மூடி உள்ளே பார் என்பதே நமக்கு அதிகம் பழகிய பதில். நம் குணத்தையும் நடத்தையையும் பொறுத்தவரை இந்தப் பதில் போதாது. அடுத்தவரைக் கவனிக்கும் அதே கண்ணால் நம் சின்னச் சின்னச் செயல்களைக் கவனிப்பதும், நம்மைக் கவனிப்பவர்களிடம் கேட்பதும்தான் அதற்கு நம்பகமான வழி.

உள்நோக்கு ஏன் போதாது? நம் செயல்களின் காரணங்கள் நமக்கே பல நேரம் தெரிவதில்லை என்பது முதல் விடை. 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. கடை மேசையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் வலது கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்கள், இடது கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்களைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. காரணம் கேட்டபோது யாரும் தாமாக முன்வந்து, வைத்திருந்த இடத்தைச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டபோதும் அநேகமாக எல்லோரும் மறுத்தார்கள். ஆய்வாளர்கள் இதிலிருந்து கண்டது முக்கியமானது: உள்ளே எட்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டெடுப்பதாக நாம் நினைக்கிறோம், உண்மையில், இப்படிச் செய்கிறவருக்கு இன்ன காரணம் இருக்கும் என்று பொதுவாக ஊகிக்கப்படுவதையே நமக்கும் சொல்லிக்கொள்கிறோம். காலுறை விஷயத்தில் இதனால் நஷ்டம் எதுவுமில்லை. ஒரு நண்பரை ஏன் தவிர்க்கிறோம், ஓர் ஊழியரிடம் ஏன் எரிந்து விழுந்தோம் என்பதிலும் இதே தயார்க் காரணங்கள் வந்து நின்றால் நஷ்டம் பெரிது.

இரண்டாவது விடை, நம் செயல் நமக்குத் தெரிகிற அளவுக்குப் பிறர் செயல் நமக்குத் தெரிவதில்லை என்பது. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழு வேலையைத் தாண்டியது. இதைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. சண்டையைத் தொடங்குவது போன்ற பெருமைப்பட இடமில்லாத விஷயங்களிலும் தன் பங்கைத் தாராளமாகவே மதிப்பிட்டார்கள். நம் வீடுகளுக்குப் பொருத்திப் பார்த்தால் விஷயம் எளிது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்ததும், மின்கட்டணத்தின் கடைசி நாளை நினைவில் வைத்திருந்ததும் செய்தவருக்குத் தெரியும். இரவில் பாலுக்கு உறை ஊற்றியது ஊற்றியவருக்குத்தான் தெரியும். மற்றவருக்குக் காலையில் தயிர் மட்டுமே தெரியும். நம் உழைப்பை நாம் உள்ளிருந்து பார்க்கிறோம். பிறர் உழைப்பின் விளைவை மட்டும் வெளியிலிருந்து பார்க்கிறோம். இப்படிப் பார்க்கிறவர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் கணக்குத் தப்பாகத்தான் வரும்.

இந்த ஓரவஞ்சனையைக் கண்டுபிடிக்க உளவியல் பிறக்கும் வரை உலகம் காத்திருக்கவில்லை. அடுத்தவர் குற்றத்தைக் காண்பது போலத் தன் குற்றத்தையும் காண முடிந்தால் உயிர்களுக்குத் தீங்கே இராது என்ற கருத்தை வள்ளுவர் வைத்திருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அது துறவிலோ மெய்யுணர்தலிலோ இல்லை. புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக, 190ஆவது குறளாக நிற்கிறது. புறம் பேசுகிறவரிடம் ஒரு திறமை இருக்கிறது. யார் எங்கே சறுக்கினார், எந்த வார்த்தைக்கு முகம் மாறினார் என்பதை அவர் துல்லியமாகக் குறித்துவைக்கிறார். அந்தக் கண்ணைக் குருடாக்கிக்கொள் என்று வள்ளுவர் சொல்லவில்லை. அதைத் தன் பக்கம் திருப்பச் சொல்கிறார். அயலாரின் கண்ணிலுள்ள துரும்பைப் பற்றி இயேசு மலைப்பொழிவில் சொன்னதும் இதற்கு உறவான கருத்தே. தன் கண்ணிலுள்ள உத்திரம் தனக்குத் தெரியாமல் போவதுதான் இருவருக்கும் பிரச்சினை.

கருத்தாகச் சொன்னதோடு நில்லாமல் இதை நடைமுறையாக்கியவர்களும் உண்டு. பௌத்த பிக்குகள் மழைக்கால மூன்று மாதங்கள் ஓரிடத்தில் தங்கித் தவம் பயில்வார்கள். அது முடியும் நாளில் பவாரணை என்ற சடங்கு நடக்கும். ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன், என்னிடம் நீங்கள் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறை ஏதேனும் இருந்தால் இரக்கத்தோடு சொல்லுங்கள் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் தன் மனத்தையே உற்றுப் பார்த்தவர் பிறரிடம் இதைக் கேட்கிறார்! தியானம் ஒன்றே போதும் என்றால் இந்தச் சடங்குக்குத் தேவையே இல்லை. கத்தோலிக்க மரபில் லொயோலா இஞ்ஞாசியார் 1548இல் அச்சான தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் வேறொரு வழியைத் தந்தார். திருத்திக்கொள்ள விரும்பும் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அதில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வீதம் நாள்வாரியாகக் கோட்டின் மீது குறித்துவர வேண்டும். நான் எப்படிப்பட்டவன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இன்று எத்தனை முறை என்பதே கேள்வி. எண்ணிக்கையிடம் சாக்குப்போக்குச் செல்லாது.

இதற்கு முதலில் எழக்கூடிய மறுப்பு நம் மண்ணிலிருந்தே வரும். சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் தந்த விடைகளே 'நான் யார்?' என்ற சிறுநூலாயின. அந்த விசாரணை முழுக்க உள்நோக்கியது. பஸ்ஸையும் பால் பாத்திரத்தையும் தன்னை அறிதலோடு சேர்த்துப் பேசுவது விஷயத்தைச் சிறுமைப்படுத்துவதாகாதா? ஆகாது, ஏனெனில் இவை இரண்டு வேறு கேள்விகள். 'நான்' என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்பது ஒன்று. நான் கஞ்சனா, முன்கோபியா, கொடுத்த வாக்கை மறப்பவனா என்பது இன்னொன்று. முதல் கேள்வியோடு உட்கார்ந்திருப்பதாலேயே இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் பிழை. மணிக்கணக்காகத் தியானத்தில் அமரும் ஒருவர் எழுந்தவுடன் வீட்டு வேலைக்கு வருபவரிடம் கடுகடுப்பதை நாம் காணாமலில்லை. ரமணரோ விடியலுக்கு முன் ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார்; பந்தியில் மற்றவர்களுக்கு இல்லாத எதுவும் தமக்கு வேண்டாம் என்றார். உடனிருந்தவர்கள் அவரை அளந்தது பெரும்பாலும் இத்தகைய சிறு செயல்களைக் கொண்டுதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. சிறு செயல்கள் ஒருவரின் குணத்தைக் காட்டுவதில்லை, அந்த நேரத்துச் சூழலையே காட்டுகின்றன என்பது அது. இதற்கு வலுவான சான்று உண்டு. ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை ஒரு சிற்றுரை ஆற்றுவதற்காக அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். சிலருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய அந்நியனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமை. வழியில், ஒரு வாசற்படியில் ஒருவர் சரிந்து கிடந்து இருமி முனகினார். அவகாசம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 விழுக்காடு. நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காடு. சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்கள் என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அந்த உவமையைப் பேசப் போனவர்களிலேயே சிலர் விழுந்து கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள். அப்படியானால் குணம் என்று ஒன்று இல்லையா? அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. அவசரத்தில் நான் வேறு ஆள் ஆகிவிடுகிறேன் என்பதும் என்னைப் பற்றிய அறிவுதான். நான் இரக்கமுள்ளவன் என்ற பொதுவான நம்பிக்கையைவிடப் பயனுள்ள அறிவு. இது தெரிந்தவருக்குக் கால்மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதும் அறத்தில் சேரும். பசியில் சுடுசொல் வரும் என்று தெரிந்தவர், முக்கியமான பேச்சைச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்வார். இந்த ஞானம் சிறு செயல்களைக் கவனித்தால்தான் கிட்டும்.

பிறர் மட்டும் நம்மைச் சரியாகப் பார்க்கிறார்களா என்று மூன்றாவதாகக் கேட்கலாம். இல்லை, அவர்களுக்கும் பொறாமை உண்டு, பிரியம் உண்டு, அரைகுறைத் தகவலும் உண்டு. சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதில் நல்ல எல்லை வகுக்கிறது. பதற்றம் போன்ற உள்நிலைகளை அவரவரே சரியாக மதிப்பிட்டார்கள். அறிவுக்கூர்மை, படைப்பாற்றல் போன்ற, மானப் பிரச்சினை கலந்த விஷயங்களில் நண்பர்களின் மதிப்பீடே மேலாக இருந்தது. ஆகவே அச்சமும் துக்கமும் வலியும் நம் சாட்சியத்துக்கு உரியவை. அங்கே அடுத்தவர் தீர்ப்புச் சொல்ல வரக்கூடாது. எங்கே நமக்கு நல்ல பெயர் வேண்டியிருக்கிறதோ, அங்கே நம் சாட்சியத்தைத் தள்ளிவைக்க வேண்டும். தன்னைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பது மனநோயில் முடியாதா என்ற கவலைக்கும் இதில் விடை உண்டு. முடிவில்லாமல் சுழல்வது நான் நல்லவனா என்ற கேள்விதான். இன்று எத்தனை முறை குறுக்கே பேசினேன் என்ற கேள்வி, எண்ணிச் சொன்னவுடன் முடிந்துவிடும்.

மனிதர்களைப் பற்றி நாம் தினமும் ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறோம். கண்டுபிடித்ததைச் சொல்ல ஆள் தேடுகிறோம். சொல்வதற்கு முன் அதே செயலை நாம் கடைசியாக எப்போது செய்தோம் என்று தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், புறணியில் பாதி அங்கேயே நின்றுவிடும். நமக்கு நாம் தந்துகொண்ட சமாதானத்தை அடுத்தவருக்கும் தர மனம் வரும். மீதி வேலைக்குத்தான் மற்றவர்கள் வேண்டும். உங்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் ஒருவரிடம், எனக்குத் தெரியாமல் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை விளக்கம் எதுவும் சொல்லாமல் இருங்கள்.