கண்ணாடித் தொட்டியும் நான்கறிவு உயிரும்

பேணுதலும் உடைமையாக்கிக் கொள்ளுதலும் ஒன்றா? நாய், கிளி ஆகியவற்றை முன்வைத்து இவ்வினாவை எழுப்புவோர் உண்டு. அவை நம் முகம் அறியும். குரல் கேட்டால் திரும்பும். அன்புக்கு மறுமொழி கிடைத்துவிடுவதால் வினா மழுங்கிப்போகிறது. ஆகவே, மறுமொழி தராத ஓர் உயிரை எடுத்துக்கொள்வது நலம். நகர வீடுகளில், கூடத்து மேசைமேல், 20 லிட்டர் நீர் கொள்ளும் சிறு தொட்டியில் வளர்க்கப்பெறும் நன்னீர் இறால் அத்தகையது.

கடைக்காரர் செர்ரி இறால் என விற்கும் இச்சிற்றுயிரின் தாயகம் சீனம், தைவான் பகுதி நீர்நிலைகள். நீளம் 2 அல்லது 3 செ.மீ.; வாழ்நாள் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. நம் கண்ணைக் கவரும் செந்நிறம் இயற்கை தந்ததன்று. ஓடையில் வாழும் அதன் இனத்தார் பழுப்பாகவோ நிறமற்றோ இருப்பர். சிவந்தவற்றைத் தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கி மனிதன் ஆக்கிய நிறம் அது. தேர்வு நின்றால் சில தலைமுறைகளில் பழுப்பு மீளும். ஆதலின், வெளிறிப் பிறந்தவற்றை வளர்ப்போர் அவ்வப்போது அகற்றுகின்றனர். 'அகற்றுதல்' என்பது எத்துணை மென்மையான சொல்! சிலர் வேறு தொட்டிக்கு மாற்றுவர். சிலர் மீனுக்கு இரையாக்குவர். நம் அழகுணர்ச்சிக்குப் பிறிதோர் உயிர் விலை கொடுக்கிறது என்பதை இவ்விடத்தில் மறைக்க இயலாது.

தொட்டி நீரின் இயல்பையும் அறிதல் வேண்டும். கழிவும் உணவின் மிச்சமும் அமோனியாவாகின்றன. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் கொடிய நஞ்சு. இந்நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறுந்தொட்டியைப் பார்த்திருக்கும் பொறுமை எத்தனை பேர்க்கு உண்டு? வாங்கிய அன்றே இறாலை விட்டு, சில நாளில் அனைத்தையும் இழந்து, கைராசி இல்லை என்பார் பலர். குழாய் நீரின் குளோரினும் கொல்லும். மீன் நோய்க்கு விற்கும் சில மருந்துகளில் உள்ள செம்பு, மீன் தாங்கும் அளவிலேயே இறாலை மாய்க்கும். நீர் சூடேறினால் உயிர்வளி குன்றும். தில்லியின் மே மாதம் தொட்டிக்குள்ளும் மே மாதமே! ஓடையில் என்றால் அது நிழல் தேடிப் போகும். அவ்வழியை நாம் அடைத்துவிட்டோம். ஆகவே, அது தானே தேடிக்கொண்டிருக்கக்கூடிய ஒவ்வொன்றும் நம் கடனாகிவிட்டது. இதற்கு அருள் என்று பெயரிட்டு மகிழ எனக்கு மனமில்லை.

இத்துணைச் சிறியதற்கு வலி ஏது என்று நகைப்போரும் உளர். தொல்காப்பிய மரபியல் நண்டை நான்கறிவு உயிர்களுள் வைத்தது. இறால் அதற்கு நெருங்கிய உறவு. ராபர்ட் எல்வுட் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உணர்கொம்பில் அமிலம் தடவப்பெற்ற இறால்கள் அக்கொம்பையே மீண்டும் மீண்டும் நீவிக்கொண்டன. மரப்பு மருந்து இட்டபோது அச்செயல் குறைந்தது. இம்முடிவை ஐயுறும் அறிஞரும் உண்டு. எனினும் பிரிட்டன் 2022-இல் இயற்றிய சட்டம் நண்டையும் இறாலையும் உணர்வுடைய உயிர்களாக ஏற்றது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமோ, மனிதர் நீங்கலான எல்லா உயிரையும் 'விலங்கு' என்ற சொல்லுள் அடக்கிவிட்டது.

ஞாயிறுதோறும் இறால் வறுவல் மணக்கும் வீட்டில் இவ்விரக்கம் போலி அன்றோ என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. உண்பவன் அவ்வுயிரின் வாழ்வுக்குப் பொறுப்பேற்பதாக எவரிடமும் கூறவில்லை. தொட்டியில் விட்டவன் செயலால் கூறிவிட்டான். உண்பதன் அறம் தனி வழக்கு. அது முடியும்வரை இக்கடன் காத்திராது.

மாற்றல் ஆணைக்கு வாழும் நம்மனோர்க்கு இக்கடன் ஒருநாள் கூர்மையாகவே வந்து நிற்கும். பெண் இறால் வயிற்றடியில் இருபது, முப்பது முட்டைகளை மூன்று நான்கு வாரம் சுமக்கிறது. தொட்டி விரைவில் நிரம்பும். வீட்டைக் காலி செய்யும் நாளில் அருகிலுள்ள ஏரியில் விட்டுவிட்டு, விடுதலை அளித்தோம் என்று மகிழத் தோன்றும். ஜெர்மனியில், மின்நிலையத்து வெந்நீர் கலக்கும் ஓடையொன்றில் இவ்விறால் குடியேறி நிலைத்துவிட்டது. ஏரியின் பழைய குடிகளிடம் எவர் இசைவு கேட்டார்? சாமான் கட்டத் தொடங்குமுன்னரே, வளர்க்கத் தெரிந்த ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது நன்று. அதற்கும் சில வாரங்கள் வேண்டும், ஏனெனில் அவர் தொட்டியும் பழக வேண்டுமே.