கஷ்டப்பட்டால்தான் புண்ணியமா?

‘‘எங்க தெருவுல சதுரகிரிக்கு நாலு தடவை ஏறி இறங்குனவங்க எல்லாம் இருக்காங்க. நான் இந்தத் தண்ணிகிட்டதான் வந்து நிக்கிறேன். இதெல்லாம் கணக்குல சேருமா தாயி?’’

வருசநாட்டு மலையடிவாரத்தில், சின்னச்சுருளி அருவிக்குப் போகிற வழியில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். மதுரைக்காரர். அறுபதை ஒட்டிய வயது. இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டியிருந்தார். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடந்தார். முகத்தில் களைப்பைவிட கூச்சம்தான் அதிகம் தெரிந்தது. ஏதோ குறுக்கு வழியில் சாமி கும்பிட வந்துவிட்டவர்போல!

நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கூச்சம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். பழநியில் படியேறாமல் விஞ்ச்சில் போனால், அதை வீட்டில் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடும். விரத நாளில் மாத்திரை போட வேண்டுமே என்று இரண்டு இட்லி சாப்பிட்டவர், பக்கத்து வீட்டம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கேட்டதும் குற்றவாளியாகிவிடுவார். எளிதாகக் கிடைத்தது எதுவோ, அதற்கு மதிப்புக் குறைவு என்று நமக்கு நாமே ஒரு தராசு வைத்திருக்கிறோம். அந்தத் தராசு சரிதானா?

அந்த அம்மா சொன்ன இரண்டு இடங்களும் ஒரே மலைத்தொடரைச் சேர்ந்தவை. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாகக் குமணந்தொழு, கோம்பைத்தொழு என்று உள்ளே போனால் சின்னச்சுருளி. மேகமலை அருவி என்றும் சொல்வார்கள். உயரமான படிகள் இல்லை, மூச்சு வாங்கும் ஏற்றம் இல்லை. மரநிழலில் மெதுவாக நடந்தால் தண்ணீர் விழும் சத்தம் முதலில் வரும்; அப்புறம் சாரல் வரும்; கடைசியில்தான் அருவி கண்ணில் படும். இதே மலையின் கிழக்குச் சரிவுப் பக்கம் இருப்பதுதான் சுந்தர மகாலிங்கம் குடிகொண்ட சதுரகிரி. தாணிப்பாறையில் தொடங்கும் ஏற்றம் இளவட்டங்களையே உட்கார வைத்துவிடும். வருசநாட்டிலிருந்து உப்புத்துறை வழியாக அந்த மலைக்கு ஏறும் பாதையும் உண்டு.

ஒரே மலை. ஒரு பக்கம் ஏறுகிறவருக்குப் புண்ணியம், மறுபக்கம் நடக்கிறவருக்குப் ‘பிக்னிக்’ என்று பெயர் வைத்தது யார்?

கடினமான பயணத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பாதயாத்திரை போய்க் கால் கொப்புளித்தவரைக் கேட்டுப் பாருங்கள். ‘நான்’ என்ற நினைப்பு பத்தாவது மைலில் கழன்று விழுந்துவிடும் என்பார். முகம் தெரியாத ஒருவர் நீட்டும் மோர் அமிர்தமாக இருக்கும். உடம்பு தளரும்போது மனம் குனிகிறது. அது உண்மையான பலன். ஆனால், அந்தக் கஷ்டத்தைக் கொண்டுவந்து கணக்குப் புத்தகத்தில் எழுதி, அடுத்தவர் கணக்கோடு ஒப்பிட ஆரம்பித்தால்? பத்தாவது மைலில் கழன்று விழுந்தது வீட்டு வாசலில் மறுபடி ஒட்டிக்கொள்ளும்!

கீதையின் 17-ஆவது அத்தியாயத்தில் கண்ணன் தவத்தை மூன்றாகப் பிரிக்கிறான். பிடிவாதத்தால் தன்னையே வதைத்துக்கொண்டு செய்யும் தவத்தை அவன் வைத்திருப்பது எந்த வரிசையில் தெரியுமா? கடைசியில், தாமசத்தில். உடம்பால் செய்யும் தவம் எது என்பதற்கும் அங்கேயே பட்டியல் இருக்கிறது. பெரியோரைப் பூஜிப்பது, தூய்மை, நேர்மை, எந்த உயிரையும் துன்புறுத்தாமை ஆகியவை அதில் வருகின்றன. பட்டினியும் கொப்புளமும் அதில் இல்லை.

வள்ளுவரும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார். ‘தவம்’ என்ற அதிகாரத்தின் முதல் குறளை (261) எடுத்துப் பாருங்கள். தவத்துக்கு வடிவம் இரண்டு என்கிறார். தனக்கு வந்து சேர்ந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்வது ஒன்று. பிற உயிருக்குத் துன்பம் செய்யாமல் இருப்பது இன்னொன்று. விரதம் முதலியவற்றால் வரும் துன்பத்தையும் பரிமேலழகர் முதல் பாதியில் சேர்த்துத்தான் உரை எழுதினார். அதை மறுக்கவில்லை. ஆனால் நாம் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறோமே, அதுதான் என் கேள்வி. மலையேறுவது, மண்சோறு சாப்பிடுவது, அங்கப்பிரதட்சணம் செய்வது எல்லாம் முதல் பாதி. இரண்டாம் பாதிக்கு நாம் எத்தனை விரதம் இருந்தோம்?

சின்னச்சுருளி மாதிரி எளிய பாதைக்குப் போகிறவரிடம் முதல் பாதியை யாரும் கேட்பதில்லை. இரண்டாம் பாதியை முழுசாகக் கேட்கிறது காடு.

ஏனென்றால், அது யாருடைய வீடு? 2021 பிப்ரவரியில் இந்தக் காடுகளைத் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். தமிழகத்தின் 5-ஆவது புலிகள் காப்பகம் இது. யானை, சிறுத்தை, காட்டு மாடு, சாம்பல் நிற மலை அணில் எல்லாம் வாழும் இடம். வருசநாட்டு மலையில் பிறக்கும் மூல வைகைதான் கடமலைக்குண்டு பக்கமாக இறங்கி, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்குப் போகிறது. சித்திரையில் அழகர் இறங்குகிறாரே, அந்த ஆற்றின் பிறந்த வீடு இது. பிறந்த வீட்டில் குப்பை கொட்டலாமா?

அருவிக்கரையில் கொஞ்சம் சுற்றிப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலைகள், சீயக்காய்த் தூள் கவர், கற்பூரம் வைத்த பிளாஸ்டிக் தட்டு. (உடைந்த பாட்டில்களும் உண்டு. அது வேறு ஆட்களின் கைங்கரியம். ஆனால் ஷாம்பு பாக்கெட்டுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்!) பாபநாசத்தில் தாமிரபரணியில் பரிகாரம் என்று விட்டுவிட்டு வரும் துணிகளை அள்ளி மாளவில்லை என்பது நீங்கள் அறிந்ததே. பாவத்தைக் கழற்றிப் போடுவதாக நினைத்து நைலக்ஸ் புடவையைக் கழற்றிப் போடுகிறோம். புடவை மக்காமல் பாறை இடுக்கில் கிடக்கிறது. அப்புறம் குரங்கு. ஆஞ்சநேயர் என்று வாழைப்பழம் கொடுக்கிறோம். நாலு நாள் கழித்து அந்த ஆஞ்சநேயர் சின்னக் குழந்தையின் கையில் இருப்பதைப் பிடுங்கும்போது கல்லெடுத்து எறிகிறோம். பழம் கொடுத்தது அன்பு என்றால், காட்டில் தானே தேடித் தின்னத் தெரிந்ததைப் பிச்சைக்கு நிற்கப் பழக்கியது யார்?

இதைவிடக் கடினமான தவம் ஒன்று இருக்கிறது. திரும்பிப் போவது!

‘இன்று குளிக்க அனுமதி இல்லை’ என்று வனத்துறையினர் தடுக்கும் நாட்கள் இங்கே உண்டு. பெரிய சுருளியிலும் அப்படித்தான். விடியற்காலை எழுந்து, புளியோதரை கட்டி, பஸ் மாறி வந்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ‘‘வானம் வெளுத்துக் கிடக்கு, ஒரு சொட்டு மழை இல்ல. எதுக்குத் தடுக்கிறீங்க?’’ என்று சண்டைக்கு நிற்பார்கள். கீழே மழை இல்லைதான். மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் கொட்டியிருக்கும். அந்தத் தண்ணீர் ஓடை ஓடையாகச் சேர்ந்து கீழே வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வரும்போது மொத்தமாக வரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கலாகி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், அதற்குப் பின்னால் வெள்ளம் வருகிறது என்று பொருள். அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

சதுரகிரியில் 2015 மே மாதம், அமாவாசைக்குக் கூடிய பக்தர்கள் இப்படிப்பட்ட திடீர் வெள்ளத்தில்தான் சிக்கினார்கள். பலர் உயிரோடு வீடு திரும்பவில்லை. இதே தேனி மாவட்டத்தில், 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேற்றத்துக்குப் போன 23 பேரைப் பறிகொடுத்தோம். பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். அவர்கள் எல்லாம் மலை மேல் ஆசை வைத்துப் போனவர்கள்தான். தண்ணீரும் நெருப்பும் ஆசையின் ஆழத்தைப் பார்த்து வழிவிடுவதில்லை. ‘சாமி பார்த்துக்கொள்வார்’ என்று தடையைத் தாண்டுவதைப் பக்தி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தேடப் போகும் வனக்காவலருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு. நம் பிடிவாதத்துக்கு அவர் எதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? கண்ணன் தாமசம் என்றது வேறு எதை?

‘திரும்பிப் போ’ என்ற சொல் சாமியிடமிருந்தே வந்தால் என்ன செய்வீர்கள்? அப்பர் பெருமானுக்கு வந்தது!

பெரியபுராணம் சொல்லும் கதை நமக்குத் தெரிந்ததுதான். கயிலையைக் கண்டே தீருவேன் என்று புறப்பட்டார் நாவுக்கரசர். வயோதிகம். நடந்து நடந்து பாதம் தேய்ந்தது. கைகளை ஊன்றித் தவழ்ந்தார், அவையும் தேய்ந்தன. மார்பால் ஊர்ந்தார், உருண்டார். கஷ்டம்தான் அளவுகோல் என்றால், அன்றைக்கே கயிலையின் கதவு திறந்திருக்க வேண்டும் இல்லையா? முனிவர் வடிவில் எதிரே வந்த ஈசன், ‘இந்த மானிட உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போங்கள்’ என்றுதான் சொன்னார். அப்பர் முதலில் இணங்கவில்லை. பிறகு, அருகிலிருந்த குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்திருக்கும்படி அசரீரி கேட்டது. அப்படியே மூழ்கி, திருவையாற்றில் எழுந்தார். தாம் கடந்துபோன சோழநாட்டு ஊரிலேயே கயிலைக் காட்சி கிடைத்தது.

அங்கே முதலில் எதைக் கண்டார் என்பதைக் கவனியுங்கள். பிடியோடு வந்த களிற்றை. பிறகு குயில், மயில், கிளி என்று ஜோடி ஜோடியாக வந்தவற்றில் எல்லாம் அம்மையையும் அப்பனையும் பார்த்தார். திருவையாற்றில் ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சியாகக் கொண்டாடுவது இதைத்தான். அதே ஆடி அமாவாசைக்குத்தான் சதுரகிரியிலும் கூட்டம் அலைமோதுகிறது. பாதம் தேயத் தேய நடந்தவருக்குக் கடைசியில் கிடைத்தது, யானையும் மயிலும் தம்பாட்டுக்குப் போய்வருவதைப் பார்க்கும் கண். அந்தக் கண்ணோடு சின்னச்சுருளிப் பாதையில் நடக்க மூட்டு பலமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுச் சிலருக்கு என் மேல் கோபம் வரலாம், பரவாயில்லை.

நம் வீடுகளில் ‘அருவி பார்க்கப் போகணும்’ என்று ஒரு பெண் கேட்டால், ‘இப்போ அதுக்கு என்ன அவசரம்?’ என்பார்கள். ‘அந்த மலைக்கோயிலுக்கு வேண்டுதல் இருக்கிறது’ என்றால் உடனே வேன் பேசுவார்கள். ஆசைப்பட்டதற்குக் கிடைக்காத அனுமதி, கஷ்டப்படப் போகிறேன் என்றால் கிடைத்துவிடுகிறது. வருஷம் முழுக்கச் சமையல்கட்டு, படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாருக்கு மருந்து, பிள்ளைகளின் பரீட்சை என்று நிற்கிற பெண், ஒரே ஒரு நாள் குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்துச் சும்மா உட்காருவதற்குக்கூடப் புண்ணியக் கணக்கு காட்ட வேண்டியிருக்கிறது. வந்து சேர்ந்த துன்பத்தைத் தாங்குவதுதான் தவத்தின் முதல் பாதி என்றால், அதை அவள் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தானே வந்திருக்கிறாள்? அருவிக்கரையில் வேறு எதற்குப் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டும்?

2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தில் 40 மலைப்பாதைகளை முன்பதிவு செய்து நடக்கத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். காலுக்கும் மூச்சுக்கும் ஏற்ற நல்ல ஏற்பாடு. பாதைக்குப் போட்ட அந்தத் தரத்தை நடக்கிறவரின் பக்திக்கும் போட்டுவிடாதீர்கள்.

அந்த மதுரை அம்மாவுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. ‘‘சேரும்மா’’ என்று மட்டும் சொன்னேன். அதற்குள் மருமகள், ‘‘அத்தை, பாசி இருக்கு, பார்த்து வைங்க’’ என்று அவரை அழைத்துப் போய்விட்டாள்.

நீங்களும் போவதாக இருந்தால், தேனியிலிருந்தோ ஆண்டிபட்டியிலிருந்தோ கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாகக் கோம்பைத்தொழு போக வேண்டும். மழைக்காலத்தில் புறப்படும் முன்பே அருவிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத் துணிப்பையோடு, குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு காலிப் பையும் இருக்கட்டும். சோப்பு, எண்ணெய் வேண்டாம். மாலை மயங்கும் முன் பாதையை விட்டு வந்துவிடுங்கள், அதன் பிறகு தண்ணீருக்கு வருகிறவர்கள் வேறு. அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பினால், ஆண்டிபட்டி பக்கம் தெப்பம்பட்டி அருகே மாவூற்று வேலப்பர் இருக்கிறார். வள்ளிக்கிழங்கு தோண்டிய பளியர்களுக்குச் சுயம்புவாகக் கிடைத்தவர் என்கிறது தலவரலாறு. அங்கே அருவி கிடையாது. மரங்களின் வேரடியிலிருந்து ஊற்று சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கும். கட்டி எடுத்து வந்த புளியோதரையை அந்த நிழலில் வைத்துச் சாப்பிடலாம்.