அம்மை நோயும் வினைக்கொள்கையும்

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒருவர்க்கு அம்மை கண்டால், அதனை நோயென்னாது, 'மாரியம்மன் வந்திருக்கிறாள்' என்பர். வாயிலில் வேப்பிலை செருகுவர்; வேற்றாரை உள்ளே விடார்; அம்மை இறங்கியபின் வேம்பும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு வார்ப்பர். இவ்வழக்கம் அறியாமையென்றே தள்ளற்பாலதோ? அன்று. பிணியுற்றாரை அருவருத்து ஒதுக்காது, தெய்வம் உறையும் இடமாகப் போற்றும் பரிவு இதன்கண் உளது. தொற்றைத் தடுக்கும் ஒழுங்கும் உளது.

எனினும், 'இது பழவினைப் பயன். நுகர்ந்தே தீர வேண்டும். மருந்துண்ணல் தெய்வக் குற்றம்' என்பார் கூற்றுச் சித்தாந்தத்துக்கு ஒவ்வாது. பசியும் பிராரத்தமே; அதுபற்றி உணவை விலக்குவார் யார்? வினைவழி நோயைக் கூட்டும் இறைவனே மருந்தையும் மருத்துவனையும் கூட்டுவன். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, திருஞானசம்பந்தர் 'வினை' யென்று வாளா இருந்திலர். திருநீலகண்டத் திருப்பதிகம் பாடித் தீர்த்தருளினார்.

அம்மை குத்துதலால் பெரியம்மை உலகினின்று ஒழிந்தமை 1980-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இன்று ஊர்களிற் காண்பது சின்னம்மையே. பெரியம்மை அகன்றும் மாரியம்மன் வழிபாடு குன்றவில்லை. ஆகலின் அவ்வழிபாட்டுக்கு ஆதாரம் நோயன்று, அருளேயாம். வேப்பிலை கட்டுக, மருத்துவரையும் அழைத்திடுக. நோயுற்றாரை நோக்கி 'நின் வினை' என்று இகழ்தல் ஒன்றே அன்னை பொறாத குற்றமாம்.