வாசலில் ஒரு மரம்

காதலர் தினம்னாலே "எல்லாம் பூக்கடைக்காரர் வேலை" என்று சலித்துக்கொள்பவர்கள் ஜெர்மனியிலும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைவீரர்கள் மூலம் அங்கே பரவிய வழக்கம் அது. பூ வியாபாரிகள் அதை வளர்த்ததும் உண்மைதான். அதனால் என்ன? கடையில் வாங்கிய பூவையும் மனசாரக் கொடுக்கலாமே!

என்னை யோசிக்க வைத்தது அவர்களுடைய இன்னொரு வழக்கம். கொலோன் நகரம் இருக்கும் ரைன்லாந்துப் பகுதியில், ஏப்ரல் 30 இரவு, இளைஞன் ஒரு பிர்ச் மரத்தை வண்ணக் காகிதத்தால் அலங்கரித்து, தான் விரும்பும் பெண்ணின் வீட்டு முன்னால் கட்டி வைக்கிறான். அவள் பெயர் எழுதிய இதயமும் அதில் தொங்கும். லீப் வருஷத்தில் மட்டும் பெண்களின் முறை. மே மாதம் முழுக்க மரம் அங்கேயே நிற்கும். (காற்றில் சாயாம எப்படிக் கட்டுறாங்கன்னுதான் என் எஞ்சினியரிங் புத்தி முதல்ல கேட்டுச்சு.)

ஏற்கெனவே காதலிக்கும் ஜோடி என்றால் பிரச்சினையே இல்லை, அழகான வழக்கம். ஆனால் அவளுக்கு விருப்பம் இல்லையென்றால்? ரோஜாவை வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துடலாம். மரமோ அவள் தூங்கும்போது வந்தது; விடிந்தால் தெருவே பார்க்கிறது. உழைப்பு அவனுடையது, ஒரு மாசச் சங்கடம் அவளுடையது.

முன்கூட்டியே கேட்டால் ஆச்சரியம் போயிடுமே என்பீர்கள். போகட்டும் நண்பர்களே. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், காகிதம் சுற்ற அவளும் கூட வந்திருப்பாளோ என்னவோ!