மேல் தாழ்ப்பாள்

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்கின் பாதம்’ கதையை மறுபடியும் படித்தேன். 1902-இல் வெளிவந்தது. முடிவு தெரிந்தும் கடைசிப் பக்கத்தில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. என்ன நடக்கும் என்று தெரியாததால் மட்டும் வரும் பதைப்பு என்றால், இரண்டாம் முறை அது வந்திருக்கக் கூடாது.

*

மழை இரவு. அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள். கிழவர் வீணாகத் தன் ராஜாவை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். தப்பு தெரியும்போது நேரம் கடந்துவிடுகிறது. முழுக் கதையும் இந்த ஆட்டத்தில் இருக்கிறது. ஆனால் முதல் தடவை படிப்பவருக்கு இது ஒரு கிழவரின் சுபாவம், அவ்வளவுதான். முன்குறிப்பு இப்படித்தான் வர வேண்டும் என்று நினைக்கிறேன். வந்த இடத்தில் அதற்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும்.

*

இந்தியாவில் பட்டாளத்தில் இருந்து திரும்பிய மோரிஸ் அந்தப் பாதத்தைக் காட்டுகிறார். மூன்று பேருக்கு, ஆளுக்கு மூன்று வரம். முதலில் வைத்திருந்தவன் மூன்றாவதாகக் கேட்டது சாவு. மோரிஸே அதைத் தூக்கி நெருப்பில் போடுகிறார். கிழவர் பாய்ந்து எடுத்துவிடுகிறார். எதையும் ஒளிக்கவில்லை ஜேக்கப்ஸ். அபாயத்தை முன்கூட்டியே நம் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வைக்கிறார்.

கிழவர் கேட்பது 200 பவுண்டு. வீட்டுக் கடனை அடைக்க. மறுநாள் மகன் ஆலை எந்திரத்தில் சிக்கிச் சாகிறான். நிறுவனம் கொடுத்தனுப்பும் ஈட்டுத்தொகை சரியாக 200 பவுண்டு.

பலர் இங்கேயே முடித்திருப்பார்கள். அது கெட்டிக்காரத்தனமான கதையாக நின்றிருக்கும்.

*

மோதல் என்றதும் நல்லவனையும் கெட்டவனையும் தேடுகிறோம். இந்த வீட்டில் கெட்டவர் இல்லை. மகனை உயிரோடு கேள் என்கிறாள் அம்மா. அப்பா தயங்குகிறார், செத்துப் பத்து நாளாகிவிட்டது, உடுப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டேன் என்கிறார். அவள் கேட்பதாயில்லை. கடைசியில் வரத்தைக் கேட்டுவிடுகிறார்.

பிறகு வாசல் கதவு தட்டப்படுகிறது.

கீழ்த் தாழ்ப்பாளை அவள் எடுத்துவிட்டாள். மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. நாற்காலியை இழுக்கும் சத்தம். அப்பா இருட்டில் தரையைத் துழாவிக்கொண்டிருக்கிறார், பாதத்தைத் தேடி. இருவரும் மகன்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஒருத்தி கதவைத் திறக்கப் போராடுகிறாள், இன்னொருவர் திறக்கவிடாமல் இருக்க. இரண்டு பேருமே ஜெயிக்க வேண்டும் என்று என் மனம் தவிக்கிறது. முடிவு தெரிந்தாலும் அடங்காத தவிப்பு இதுதான்.

அந்த உடுப்புப் பேச்சை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். வெளியே நிற்பவன் வெறும் மகனாகிவிடுகிறான். நாம் முழுக்க அம்மாவின் பக்கம் போய்விடுவோம். கதவைத் திறக்காத அப்பா கல்நெஞ்சராகத் தெரிவார். போகிற போக்கில் வந்த ஒரு குறிப்புதான் இந்த மோதலைச் சமநிலையில் தாங்குகிறது. முன்குறிப்பையும் மோதலையும் தனித்தனி உத்திகளாகப் பாடம் சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

*

அப்பா கேட்ட மூன்றாவது வரம் என்னவென்று கதையில் இல்லை. கேட்டார் என்று மட்டும் வருகிறது. முதல் ஆள் மூன்றாவதாகக் கேட்டது எது என்பதை மோரிஸ் வாயால் எப்போதோ சொல்லிவிட்டதால், ஜேக்கப்ஸ் அதை எழுத வேண்டியிருக்கவில்லை. அவன் தனக்காகக் கேட்டான். இவர் தன் பிள்ளைக்காகக் கேட்கிறார்.