பத்துப் பேர் சேரும்வரை

புதன்கிழமை காலையில் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தாலும், மடியில் கைக்குழந்தையோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். குழந்தையின் தடுப்பூசி அட்டை கசங்கிவிடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பத்திரமாகப் பிடித்திருப்பார்கள். அவர்களில் பலர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். யாரும் அதட்டிக் கூட்டி வரவில்லை. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் ஊசி போடும் நாள் என்பது ஊருக்கே தெரியும். நர்சம்மா சொன்ன தேதியில் அவர்களாகவே வந்துவிடுகிறார்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஒரு வயதைத் தாண்டி இரண்டை எட்டாத தமிழ்நாட்டுக் குழந்தைகளில் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் போட வேண்டிய தடுப்பூசிகளையெல்லாம் போட்டுக்கொண்டவர்கள்.

அதே 2021இல் இதே ஊர்களைப் பற்றி நாம் பேசிய பேச்சு வேறாக இருந்தது. கொரோனா தடுப்பூசி என்று வந்ததும், கிராமத்து மக்கள் தயங்குகிறார்கள், பயப்படுகிறார்கள், விழிப்புணர்வு போதவில்லை என்று தொலைக்காட்சியிலும் அதிகாரிகள் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. பிள்ளைக்குத் தேதி தவறாமல் ஊசி போடுகிற தாய், தனக்கு ஓர் ஊசி என்றதும் ஏன் பின்வாங்கினாள் என்று கேட்கும் பொறுமை நம்மில் அதிகம் பேருக்கு இல்லை. அவளுக்கு ஊசி புதிதல்ல. அது வந்து சேர்ந்த விதம்தான் புதிது.

எப்படி வந்தது என்று நினைத்துப் பார்க்கலாம். 2021 ஜனவரி 3ஆம் தேதி கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் அவசரகால அனுமதி கிடைத்தது. கோவாக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை அப்போது முடிந்திருக்கவில்லை. ஜனவரி 16ஆம் தேதி நாடு முழுவதும் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி போடத் தொடங்கியபோது, தயங்கியவர்களில் மருத்துவர்களும் செவிலியர்களுமே கணிசமாக இருந்தார்கள். படித்தவர்கள் தயங்கியபோது அதை எச்சரிக்கை என்றோம். சவுக்குத் தோப்பிலும் உப்பளத்திலும் வேலை செய்பவர்கள் தயங்கியபோது அறியாமை என்றோம். ஒரே கேள்விக்கு, கேட்பவரின் நிலையைப் பார்த்து இரண்டு பெயர் வைத்தோம்.

தடுப்பூசியைப் பற்றிக் கேள்வி எழுப்புவது தமிழ்நாட்டில் படிப்பில்லாதவர்களின் வேலையாக மட்டும் என்றுமே இருந்ததில்லை. 1955இல் பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்து எழுதியவர் ராஜாஜி. பிற்பாடு செங்கல்பட்டு வட்டாரத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட நீண்ட ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு சொன்னது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயிலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம். ராஜாஜி சொன்னது எல்லாம் சரி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்டவர் மீது குறை சொல்லாமல் அந்தக் கேள்வியை ஆய்வு செய்து பதில் தேடிய ஒரு காலமும் இங்கே இருந்தது.

2021 மார்ச் 1ஆம் தேதி அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கொரோனா தடுப்பூசியின் வாசல் திறந்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். ஊசியை ஒருமுறை செருகி மருந்து எடுத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மீந்தது குப்பைக்குத்தான். பெரிய நகரத்து மருத்துவமனையில் இது ஒரு சிக்கலே அல்ல. மூன்று நான்கு வயதானவர்கள் மட்டும் வந்து நிற்கிற கிராமத்து நிலையத்தில் அந்தக் குப்பியைக் கையில் வைத்திருக்கும் செவிலியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். "பத்துப் பேர் சேரட்டும் ஆயா, கொஞ்சம் உக்காருங்க" என்று அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். மதியம் வரை ஆள் சேரவில்லை என்றால் நாளைக்கு வரச் சொல்ல வேண்டும். மனம் கேட்காமல் திறந்து போட்டுவிட்டால், மிச்சம் ஆறேழு பேருக்கான மருந்து வீண் கணக்கில் ஏறும். அந்த ஏப்ரலில் தடுப்பூசியை அதிகம் வீணடித்த மாநிலம் தமிழ்நாடு, 12 விழுக்காட்டுக்கும் மேல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்த கணக்கு சொன்னது. அந்த எண்ணுக்குள் எத்தனை செவிலியர்கள், காத்திருந்த மூதாட்டியைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் குப்பியைத் திறந்தவர்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, அதற்கு மறுநாள் காலமானார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அரசு உடனே சொன்னது. மத்தியக் குழு ஆராய்ந்து, மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று அறிவித்தது அக்டோபரில். ஆறு மாத இடைவெளி அது. அந்த ஆறு மாதத்தில் விழுப்புரம் பேருந்து நிலையத்தின் டீக்கடைகளிலும் செஞ்சி, மேல்மலையனூர் கிராமத்துத் திண்ணைகளிலும் வாட்ஸ்அப்பிலும் பதில்கள் தாமாகவே உருவாகிப் பரவிவிட்டன. மக்கள் நேசித்த ஒருவர் இறந்தபோது அவர்களுக்கு வந்த பயம் இயல்பானது. அந்தப் பயத்தோடு வந்தவரிடம் உட்கார்ந்து பேச ஒரு மருத்துவருக்கு நேரம் இருந்ததா என்பதுதான் கேள்வி. இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ யாருக்கும் அந்த நேரம் இருந்திருக்க முடியாது.

மே மாதம் எல்லாம் தலைகீழானது. இறந்தவர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்தவர்களாக இருந்தபோது, தயங்கியவர்களே ஊசிக்கு ஓடினார்கள். அப்போது ஊசி இல்லை. மே 1 முதல் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் எல்லோருக்கும் தடுப்பூசி என்று அறிவித்துவிட்டு, அவர்களுக்கானதை மாநிலங்களே வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய அரசு ஒதுங்கிக்கொண்டது. ஒரே குப்பிக்கு மத்திய அரசுக்கு ஒரு விலை, மாநிலத்துக்கு ஒரு விலை, தனியார் மருத்துவமனைக்கு இன்னொரு விலை. தமிழ்நாடு 3.5 கோடி டோஸுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது. கொடுக்க யாரும் முன்வரவில்லை. உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கையை மேலோட்டமாகப் பார்க்கையிலேயே தன்னிச்சையானது, காரணமற்றது என்று சொன்ன பிறகு, ஜூன் 7ஆம் தேதி அது திரும்பப் பெறப்பட்டது. கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கான இடைவெளியும் முதலில் நான்கு வாரம், பிறகு ஆறு, பிறகு பன்னிரண்டு என்று நீண்டது. அதற்கு அறிவியல் காரணம் உண்டு என்று வல்லுநர்கள் விளக்கினார்கள், இருக்கலாம். ஆனால் பற்றாக்குறை உச்சத்தில் இருந்த வாரத்தில் அந்த விளக்கத்தைக் கேட்டவர்கள், மருந்து இல்லாததால்தான் தேதியைத் தள்ளுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டதைக் குறை சொல்ல முடியாது.

பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு வயது வரையிலானவர்கள் முதல் மூன்று வாரங்களுக்குக் கோவின் தளத்தில் பதிவு செய்துதான் வர வேண்டும் என்றிருந்தது. ஸ்மார்ட்போன் வேண்டும், ஓடிபி வரும் வரை சிக்னல் நிற்க வேண்டும், ஆங்கிலம் வாசிக்கத் தெரிய வேண்டும். ஜூன் தொடக்கத்தில் இந்தியோடு பல மாநில மொழிகளை அதில் சேர்த்தபோது தமிழ் விடுபட்டிருந்தது. மாநில அரசு கேட்ட பிறகே சில நாளில் வந்தது. நகரத்து இளைஞர்கள் இரவெல்லாம் விழித்திருந்து தூரத்துக் கிராம மையங்களில் இடம் பிடித்து, காரில் போய் ஊசி போட்டுத் திரும்பிய செய்திகள் பல மாநிலங்களிலிருந்தும் வந்தன. அந்த ஊர்க்காரர் தன் ஊர் மையத்தின் வாசலில் நின்று, உங்களுக்கு இன்று இல்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பினார். அடையாள அட்டையே இல்லாத குடும்பங்களும் உண்டு. திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வாழும் இருளர்களில் எத்தனையோ பேர் சாதிச் சான்றுக்கும் குடும்ப அட்டைக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள். அட்டை இல்லாதவர்களுக்கு எப்படிப் போடுவது என்ற வழிகாட்டு நெறிமுறை மே மாதத்தில்தான் வந்தது, இயக்கம் தொடங்கி நான்கு மாதம் ஆகப்போகும் வேளையில்.

இவ்வளவுக்கும் நடுவில் மனத்தை மிகவும் உறுத்துவது செங்கல்பட்டு. சென்னையிலிருந்து திண்டிவனத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரைக் கடந்துதான் வருகிறார்கள். அங்கே திருமணியில் சுமார் நூறு ஏக்கரில் எச்.எல்.எல். பயோடெக்கின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் நிற்கிறது. 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2012இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாடு தடுப்பூசிக்குத் தவித்த 2021 மே மாதத்தில் அங்கே ஒரு டோஸ்கூட உற்பத்தியாகவில்லை. முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அதைக் குத்தகைக்குத் தாருங்கள், மாநிலமே நடத்திக்கொள்ளும் என்று பிரதமருக்கு எழுதினார். இதன் வேர் 2008 ஜனவரியில் இருக்கிறது. கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறை நிலையங்களின் தடுப்பூசி உற்பத்தி உரிமம், தயாரிப்புத் தரம் போதவில்லை என்று அப்போது நிறுத்திவைக்கப்பட்டது. அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்தைக் குடும்ப இருப்பிடமாகக் கொண்ட மருத்துவர். பழையவற்றுக்கு மாற்றாக நவீன வளாகம் வேண்டும் என்ற திட்டமும் அவர் காலத்தில் எழுந்ததே; அந்த எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதியது எழும்பும் முன் பழையதை நிறுத்தியது பிழை. எழுப்பிய புதியதை, அடுத்தடுத்து வந்த அரசுகள் எதுவும் இயங்க வைக்காதது அதைவிடப் பெரிய பிழை. 2010இல் அந்த மூன்று உரிமங்களும் திரும்பக் கிடைத்தன என்றாலும், நாட்டின் தேவை அதற்குள் பெரும்பாலும் தனியார் கைக்குப் போய்விட்டிருந்தது.

செப்டம்பரில் மருந்து தாராளமாக வந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி மாநிலம் முழுவதும் நாற்பதாயிரம் இடங்களில் முகாம். இருபது லட்சம் பேருக்குத் திட்டமிட்டு, ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் போட்டார்கள். நான்கைந்து மாதங்களுக்கு முன் தயங்குகிறவர்கள் என்று பெயர் வாங்கிய மக்கள்தான் இவர்கள். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடை வாசலிலும் நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலும் ஊசி அவர்களைத் தேடிப் போனது, அவர்களும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிட்டாலோ மது அருந்தினாலோ ஊசி போடக் கூடாது என்று பலர் நம்பியதைக் கேட்டறிந்து, அக்டோபரில் ஒரு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அந்த நம்பிக்கையை ஏளனம் செய்து அறிக்கை விட்டிருக்கலாம், கிழமையை மாற்றினார்கள். அந்த ஆண்டில் அரசு செய்த நல்ல காரியங்களில் இதையும் ஒன்றாக வைப்பேன். குப்பியில் கூடுதலாக இருக்கும் சில சொட்டுகளையும் சேர்த்தெடுத்து, வந்த கணக்கைவிட அதிகம் பேருக்குப் போட்டதாக இதே மாநிலம் பெயர் வாங்கியதும் அந்த ஏப்ரலுக்குப் பின்னர் நடந்ததுதான். கைகள் அதே செவிலியர்களுடையவை.

நவம்பரில் மீண்டும் அதட்டல் தொடங்கியது. ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வரக் கூடாது என்று பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் உத்தரவு வந்தது. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் போகிற கூலிக்கு யார் பொறுப்பு என்று ஒரு விவசாயத் தொழிலாளி கேட்டால், அதற்கு எந்த உத்தரவிலும் பதில் இல்லை. நானூறு ரூபாயோ ஐந்நூறோ, அந்த ஒரு நாள் கூலியை அரசு ஈடுசெய்யலாம் என்ற யோசனைகூட நம்மிடம் பெரிதாக எழவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற நாம் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டோம்.

நம்பிக்கை எப்படி உடைகிறது, எப்படி ஒட்டுகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமங்களில் வைத்து ஊசி போடுவதையே நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். தாய்மார்கள் தூரம் நடக்க வேண்டியதாயிற்று. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தபோது வாட்ஸ்அப் வதந்திகள் பள்ளிகளையே உலுக்கின. அதற்குப் பிறகும் அந்த 89 விழுக்காடு வந்தது என்றால், அது எந்த விளம்பரத்தாலும் வந்ததல்ல. பிரசவத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தவர், மாத்திரை கொண்டுவந்து தந்தவர், நள்ளிரவில் 108க்கு போன் போட்டவர், ஊசி போட்டுக்கொள் என்று சொன்னதால் வந்தது.

அந்தக் கிராம சுகாதாரச் செவிலியர் பணியிடங்கள்தான் நிரப்பப்படாமல் கிடந்தன. 2023இல் ஒரே அறிவிப்பில் 2,250 பேரைத் தேர்வு செய்ய விண்ணப்பம் கோர வேண்டிய அளவுக்குச் சேர்ந்துபோயிருந்தன. அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் முதலில் யாரிடம் கேட்போம் என்பது மட்டும் தெரியும். மாநில அரசு ஒரு துணை சுகாதார நிலையத்தைக்கூடச் செவிலியர் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. மத்திய அரசு செங்கல்பட்டு வளாகத்தை இயக்க வேண்டும், முடியாவிட்டால் இயக்குகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அதைக் கேளுங்கள்.